கண்ணாடிக்காரரின் ஞாயிற்றுக்கிழமைப் படம்

"இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தொடையைத் தட்டிக்கொண்டே நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார் கண்ணாடிக்காரர். ஞாயிறு மதியம், வீட்டு டிவியில், எழுபது தடவையாவது பார்த்த அதே படம். பத்து வருடம் பேசாத அண்ணன் மழையில் வந்து நிற்கிறான். தம்பி கதவைத் திறக்கிறான். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. குனிந்து, அண்ணனின் நனைந்த செருப்பை எடுத்து உள்ளே வைக்கிறான்.

"அங்க ஒரு வசனம் வச்சிருந்தான்னா படமே போச்சு. டைரக்டர் வாயைப் பொத்திக்கிட்டான் பாருங்க, அதான் தொழில்."

சொல்லிக்கொண்டே சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கண்ணை மட்டும்தான். அவருடைய கண்ணாடிக் கடையில் யாராவது மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தால் பிடுங்கிவிடுவார்: "கீறல் விழுந்தா அப்புறம் ஊரே கீறலாத்தான் தெரியும்!"

"இந்த அழுகைல பாதியை ரெண்டு தெரு தள்ளிப் போய் அழுதா என்னவாம்?" என்பாள் மனைவி, காய் நறுக்கியபடி. அவருடைய அண்ணன் வீடு அங்கேதான்.

"அது படம்டி."

அம்மா இறந்தபோது கண்ணாடிக்காரர் வெளியூரில் இருந்தார். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம்ல? முகத்தைக்கூடக் காட்டலையே நீ!" என்று அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தியவர்தான், பதினோரு வருடமாக அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணனே கடைக்கு வந்தார். கையைப் பிடித்து அழைத்துவந்த மகள், அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். சோதனை பிரேமை எடுத்து அண்ணன் மூக்கில் மாட்டினார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றினார்.

"இது?"

"இல்ல."

"இது தெரியுதா?"

"இல்லடா."

எழுத்துப் பலகையின் உச்சியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்துகூட அண்ணனுக்குத் தெரியவில்லை. பெட்டியில் லென்ஸ் தீர்ந்தது. முப்பது வருடத் தொழில். யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண் நரம்பு போச்சாம். இன்னும் ரெண்டு மாசம் பார்வை தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார் அண்ணன். "கண்ணாடிக்கு வரலடா. கொஞ்சம் வெளிச்சம் இருக்கறப்பவே உன்னை ஒரு தடவை..."



கண்ணாடிக்காரர் பிரேமைக் கழற்றி வைத்தார். ஸ்டூலை இழுத்து, முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, எழுத்துப் பலகையின் மேல் விழுந்துகொண்டிருந்த விளக்கைப் பிடித்துத் தன் முகத்தின் பக்கம் திருப்பிவைத்தார்.