சுவரைப் பார்த்து நின்ற அம்மன்

பேய் பிசாசு, தெய்வம் கனவில் வந்து சொல்வது, இதெல்லாம் எனக்கு ஒருநாளும் ஒத்துவராத விஷயம். கோயிலுக்குக்கூட மனைவி இழுத்தால்தான் போவேன். நீங்கள் சிரிப்பதானால் சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற காலம். கொட்டாஞ்சேனையில் குடியிருந்தேன், ஒரு சின்ன நூதனசாலையில் வேலை. சிலைகளை எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் வைப்பது என்பது என் பொறுப்பு. பீடத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சனம் செருப்பைக் கழற்றும், தாழ்த்தினால் இடுப்பில் கைவைத்து நின்று வேலைப்பாட்டைப் புகழும். சிலை என்னவோ அதேதான்.

அப்போது ஒரு வெண்கல அம்மன் வந்து சேர்ந்தது, கண் திறக்காத விக்கிரகம். சிற்பி கண்ணைக் கடைசியாகத்தானே செதுக்குவான், இதை ஏனோ அதற்குமுன் விட்டுவிட்டான், கண் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று கிடந்தது. ஆனால் பின்னல் அவ்வளவு அழகு. அதனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு முதுகில் விளக்கைப் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் பின்னலைப் புகழ்ந்தார்கள், முகத்தை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் பெருமைகூட.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பில்லை. முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. மயக்கத்தில் கிடந்த என் மனைவி பூரணத்துக்கு முகம் காட்டாமலே துணியில் சுற்றி என் கையில் தந்துவிட்டார்கள். புதைக்குமுன் நான் ஒருதரம் துணியை விலக்கிப் பார்த்தேன். பிள்ளை எப்படி இருந்தது என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு பின்னேரம் அவளை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மனின் முதுகுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"ஏனப்பா இவவைச் சுவரைப் பாக்க விட்டனீங்கள்?"

"கண் திறக்கேல்லை. முகத்தில பாக்க ஒண்டுமில்லை."

"அதை நீங்களே முடிவு செய்யிறதோ?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சனம் புகழ்கிற பின்னலை மறைத்துச் சிலையைத் திருப்ப இனி நூதனசாலை அதிகாரி விடமாட்டார். கண் திறக்கும்போது சாமிக்கு முதலில் கண்ணாடி காட்டுவார்கள் அல்லவா, அது நினைவுக்கு வர, உள்ளே கிடந்த ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினேன். அதில் எனக்குத் தெரிந்தது அதே வழுவழு முகம்தான், சத்தியமாகச் சொல்கிறேன்.

பூரணம் ஓரமாகக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு உங்கட மூக்கு," என்றாள். "இடது காதுக்குக் கீழ சின்ன மச்சம்."

வெண்கலத்தில் மச்சம் ஏது? அந்த மச்சத்தை நான் குழியடியில் பிள்ளையிடம் பார்த்தது, ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

"கண் திறந்திருக்கு," என்றாள் மெதுவாக. "தேன் நிறம்."

அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பிள்ளையைப் பற்றி அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூக்கு சரி, மச்சம் சரி. ஆனால் நான் பார்த்தபோது பிள்ளையின் கண் மூடியிருந்தது. அது தேன் நிறமா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.