தாய்வாத்தின் குரல்

கிழக்கு ஜாவாவின் மலாங் நகரத்திலும் கார்ட்டூன் எடுத்துப் பிழைக்கலாம் என்று முதலில் நம்பியவர் விராத்மோ அண்ணன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நான் ஆரம்பத்திலிருந்து அவர் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். உண்மையில் முதலில் நம்பியது அவர் மனைவி பலூபி அக்கா. ஜகார்த்தா வேலையை விடத் தயங்கிய அண்ணனிடம், "இங்க படிச்ச பசங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிடுறாங்க. நீங்க ஒருத்தராவது எதிர் பஸ்ல வாங்களேன்" என்று போனில் சொன்னவர் அவர்தான்.

எங்கள் ஸ்டூடியோ ஒரு பக்ஸோ கடைக்கு மேல் மாடியில். கீழே இறைச்சி உருண்டை கொதித்தால் எங்கள் கம்ப்யூட்டர் எல்லாம் சூப் வாசம் வீசும். கதை ஒரு தாய்வாத்தும் அதன் குஞ்சுகளும். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதியில்லை. பாலர் பள்ளி ஆசிரியையான அக்காவே எங்கள் ஜாவா மொழியில், சந்தைப் பெண்கள் வையும் தொனியில் பேசினார்.

"ஈரக் காலோட உள்ள வராதேன்னு எத்தன தடவ சொல்றது? காது எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

"வாத்துக்கு ஏதுக்கா காது?" என்றேன்.

"அதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

குரலுக்கேற்ப அலகை அசைய வைப்பது என் வேலை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். அவர் கணவரைவிட அந்தக் குரலை நான்தான் அதிகம் கேட்டிருப்பேன்.

முதல் தொடர் முடியும்போது அக்காவுக்குத் தொண்டை கட்டியது. பிள்ளைகளிடம் கத்தியதால் என்று விட்டுவிட்டார். சுரபாயா ஆஸ்பத்திரியில் காட்டியபோது தொண்டைப் புற்று முற்றியிருந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளைமேல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

அப்போதுதான் தலைநகரத்து டிவி ஒன்று தொடரைக் கேட்டது. ஆனால் நாடு முழுக்கப் புரிய இந்தோனேசிய மொழியில், பெயர் பெற்ற நடிகையின் குரலில் வேண்டுமாம். பழைய பதிப்பை எங்கும் வெளியிடக் கூடாதாம்.

"முடியாது. அவ குரலை எடுத்துட்டா அப்புறம் அது என்ன படம்?" என்றார் அண்ணன்.

கையில் பணமில்லாமல் ஸ்டூடியோவையே மூடும் நிலை. எங்களில் இருவர் வேலை தேடிக் கோலாலம்பூருக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்து அக்கா மாடியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, போனில் தட்டி எல்லோருக்கும் காட்டினார்: "என் குரலைக் காப்பாத்தவா இதை ஆரம்பிச்சோம்? கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு போட்டார்.

பதிவு நாளில் நடிகை குழைந்து குழைந்து பேசினாள், சோப்பு விளம்பரம் போல. பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். இடுப்பில் கை வைத்தார், விரலை ஆட்டினார், கண்ணை உருட்டினார். அந்தப் பெண்ணுக்குப் பிடி கிடைத்தது. முடிந்ததும் வெளியே வந்து அக்காவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "இப்ப சரியா வந்துச்சாக்கா?" என்றாள். அக்கா கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார். அன்று மாலையே நான் அலகுகளைப் புது மொழிக்கு மாற்றி வரைய ஆரம்பித்தேன்.

தொடர் நன்றாக ஓடியது. கோலாலம்பூர் போகவிருந்தவர்கள் போகவில்லை. எங்களிடம் வேலை பழகியவர்கள் தனியாக ஸ்டூடியோவும் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் அக்காவுக்கு நோய் திரும்பியது. அடுத்த நோன்பு மாதத்தை அவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த சில நாளில் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "லாராஸ், அவ பேசினது ஏதாவது இருந்தா போடும்மா."

வெட்டாத பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். வாத்து வைதது. தாள் புரண்டது. அக்கா வசனத்தை விட்டுவிட்டு, மைக்கிலேயே, "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் அண்ணன்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் ஒலியை நிறுத்தவில்லை, கை வரவில்லை.