பழைய பன்னிரண்டு, புதுப் பன்னிரண்டு

அச்சுவேலியிலிருக்கும் மருமகள் நேற்றுக் கைப்பேசியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்தை எழுதி, அது போகவேண்டிய நேரத்தையும் குறித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கு அது தானாப் போகும், மாமா."

"எந்தப் பன்னிரண்டு?" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் எனக்கு வயது போய்விட்டது உறுதியாயிற்று. நான் என்ன செய்ய? யாராவது பன்னிரண்டு மணி என்றாலே எனக்கு வெங்காயம் மணக்கும்.

சுன்னாகம் சந்தைக்கருகே, வெங்காயம் அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவில் நான் வேலை பார்த்த தொலைத்தொடர்பு நிலையம் இருந்தது. நிலையம் என்பது மரியாதைக்கு. ஒரு தொலைபேசி, ஒரு பழைய கணினி, அவற்றோடு நான். வீடுகளுக்கு இணையம் வராத காலம். சனம் சொல்வதைத் தட்டச்சுச் செய்து சேர்த்து வைப்பேன். பன்னிரண்டுக்குக் கணினி தானே கொழும்புக் கணினியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கடிதங்களைக் கொட்டிவிட்டு, வந்தவற்றை அள்ளிக்கொள்ளவேண்டும். பன்னிரண்டிலிருந்து அரை மணித்தியாலம் மட்டுமே கொழும்பிலுள்ள அந்தத் தொலைபேசி கணினிக்கு. மற்ற நேரமெல்லாம் அது அங்குள்ள கந்தோர் அலுவலர்களுடையது.

ஒழுங்கெல்லாம் செய்தாயிற்று, ஒரு கடிதமும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் எங்கள் கணினிப் பெட்டி கூப்பிடும். அங்கே ஒரு அம்மா "ஹலோ?" என்பார். பெட்டி அவர் காதில் கீச்சிடும். அவர் திட்டிவிட்டு வைப்பார். நான் வயரை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். முதலாளி அண்ணை கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்துக்குத் திருநீறு பூசினார். எங்கள் இருவரின் வைத்தியத்துக்கும் பலன் ஒன்றுதான். கொழும்பைக் கேட்டால், "எங்கட பக்கம் எல்லாம் சரி" என்றார்கள்.

அப்போதுதான் தொண்டைமானாற்று மலரக்கா வந்து வாங்கில் உட்கார்ந்தார். அவருடைய கணவர் கப்பலில் வேலை. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கவோ, வீட்டுக்கு வரவோ என்று கேட்டிருந்தார். அக்கா சொன்ன பதில் என் கணினியில் கிடந்தது: 'உழைச்ச காசு காணும். வந்திடுங்கோ.'

"நாளைக்குக் கப்பல் வெளிக்கிடுது தம்பி. உன்ரை பெட்டி என்ன சொல்லுது?"

"பெட்டியில பிழை இல்லை அக்கா. சரியாப் பன்னிரண்டுக்குத்தான் எடுக்குது. சுவர் மணிக்கூடும் கணினியும் ஒரே நேரம், பாருங்கோ."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "உது பழைய நேரமெல்லோ?"

அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. கந்தோரும் பள்ளிக்கூடமும் புது நேரம். கோயில் பூசை பழைய நேரம். பூசை தவறக்கூடாதென்று முதலாளி கடை மணிக்கூட்டையும் கணினியையும் பழைய நேரத்தில் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் மனதுக்குள் அரை மணியைக் கூட்டிப் பழகிவிட்டோம். கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் பன்னிரண்டில் கொழும்புக்குப் பன்னிரண்டரை. கணினி போய் அந்த அம்மா வந்துவிடுவார்.

"அண்ணை, கணினியின்ரை நேரத்தை மாத்துவம்."

"பூசை நேரத்தை விட்டிட்டுக் கொழும்பு நேரமோ? உன்ரை பெட்டிக்கு வேற நேரம் சொல்லு. மணிக்கூட்டைத் தொடாதை!"

நல்லகாலம், சுவரில் பதினொன்றுதான் தாண்டியிருந்தது. அழைப்பைப் பதினொன்றரைக்கு மாற்றினேன். பெட்டி கூப்பிட்டது. ஹலோ இல்லை, அங்கிருந்தும் ஒரு கீச்சல்.

"என்னடா, அழுகுதோ?" அக்கா எழும்பிவிட்டார்.

"இல்லை அக்கா. கதைக்குது."

மறுநாள் பதில் வந்தது. ஒரே சொல்: 'வாறன்.'

சில வருடங்களில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. நாங்கள் எதையும் தொடவில்லை. முழு நாடும் எங்கள் சுவர் மணிக்கூட்டுக்கு வந்து சேர்ந்தது. "பாத்தியோ, ஆர் பிழை?" என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். நானும் பெருமையோடு பார்த்திருந்தேன். பதினொன்றரைக்குப் பெட்டி கூப்பிட்டது. அங்கே அதே அம்மா: "ஹலோ?"

இன்று அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மருமகளின் வாழ்த்துச் சரியாகப் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் திட்டவில்லை. அந்த அரை மணித்தியாலம் எங்கே போனதென்றும் ஒருவரும் கேட்கவில்லை.