வலி உங்களுக்கா, அவளுக்கா?

தொண்ணூறுகளின் நடுவில், ராமநாதபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை, புதுமடத்திலிருந்து வேன் வைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும், புதுசாகக் கல்யாணமானவள். மாப்பிள்ளை போன மாதம்தான் சவூதிக்குத் திரும்பியிருந்தார். அவளோடு மாமியார், நாத்தனார், கொழுந்தன், போதாததற்கு வேன் டிரைவர்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவர் வருவதற்குள் நாடி, பிரஷர் பார்த்து விவரம் கேட்டு வைப்பது என் வேலை. கேட்க விட்டால்தானே!

“எங்கம்மா வலிக்குது?” என்று அவளைக் கேட்டேன்.

“வயித்துலதாம்மா. நேத்து பிரியாணி ஒத்துக்கல” என்றார் மாமியார்.

“எப்ப இருந்து?”

“விடியக்காலையில இருந்து” என்றான் கொழுந்தன்.

“வாந்தி எடுத்தியா?”

“ஒரே ஒருக்க” என்றார் டிரைவர். வேனில் எடுத்தாளாம், அதனால் அவர் சாட்சி! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நகத்தின் நிறத்தைப் பார்த்தால் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று தெரியும். இவளுக்கோ பத்து விரலிலும் பெருநாள் மருதாணி, நகமெல்லாம் செக்கச்செவேல். நாடி மட்டும் தறிகெட்டு ஓடியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. எந்தப் பிரியாணி இப்படிச் செய்யும்?

“எல்லாரும் வெளிய போங்க, அவ வாயால சொல்லட்டும்!” என்று கத்தினேன்.

“நாங்க சொன்னா என்ன, அவ சொன்னா என்ன? கூச்சப்படுற புள்ள” என்றார் மாமியார்.

“வலி உங்களுக்கா, அவளுக்கா?” என்று கேட்டு, தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன்.

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். “அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்துல இருந்து லேசா ரத்தம் படுது. இங்கன தோள்பட்டையும் வலிக்குது” என்றாள். கொழுந்தனையும் டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எந்தப் பெண் சொல்வாள்?

தியேட்டருக்கு ஓடி டாக்டரிடம் சொன்னேன், வந்து பார்த்தார். கர்ப்பப்பையில் தங்க வேண்டிய கரு, கருக்குழாயில் தங்கி வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் உடனே ஆபரேஷன் செய்தார். அவளுக்கு ஒத்துப்போனது யார் ரத்தம் தெரியுமா? நான் விரட்டிவிட்ட டிரைவருடையதுதான்! சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

வீட்டுக்குப் போகும் அன்று, “வலி இருக்காம்மா?” என்று கேட்டேன். மாமியார் வாயைத் திறந்தார், என் முறைப்பைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“இல்லக்கா” என்றாள் அவள்.

எத்தனையோ கட்டில்களைச் சுற்றி இதே கூட்டத்தை இன்றும் பார்க்கிறேன், இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கோபத்தைக் குறை என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அன்று ஓர் உயிர் தப்பியது அந்தக் கோபத்தால்தான் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.