பல்லெண்ணியின் பக்கத்து இருக்கை

அவருக்குப் பல்லெண்ணி என்று பெயர் வைத்தவன் அடுத்த கொட்டகையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். அன்றிலிருந்து அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பல் டாக்டர் என்று நினைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. அவர் எண்ணுவது மனிதர்களின் பல்லை அல்ல. பழைய டர்போ கார்களின் இன்ஜினில், சுற்றுகிற தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் பொருத்துவார். அதில் வேண்டுமென்றே ஒரு பல் குறைவாக இருக்கும். பக்கத்தில் ஒரு சென்சார், ஒவ்வொரு பல்லும் கடந்து போவதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பொக்கை வந்ததும் பெட்டி கணக்கைச் சரிபார்த்து, எந்த நொடியில் பொறி வைப்பது என்று முடிவு செய்யும். எண்ணிக்கை தப்பினால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இவ்வளவுதான் சங்கதி. இதை வைத்துக்கொண்டு மனிதர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

கைராசிக்காரர்தான், மறுக்க முடியாது. ஆனால் வாய் இருக்கிறதே வாய், அது டர்போவைவிட வேகமாகச் சுற்றும். சென்சார் வயரை ஒருவன் கோணல்மாணலாக விட்டுக் கொண்டுவந்தால் போச்சு, அவனை நிற்க வைத்துப் பிரசங்கம்தான். "ஏம்ப்பா, இந்த வயர் என்ன சொல்லுதுன்னு தெரியுமா? ரகசியம் சொல்லுது. பொறி வைக்கிற காயில் வயர் என்ன பண்ணும்? கத்தும். ரகசியம் பேசுறவன் பக்கத்துல கத்துறவனைப் படுக்க வெச்சா எவனுக்குக் காது கேக்கும்? இப்படி வயர் விட்டவன் மனுஷனா?" என்பார். வயர் விட்டவனே எதிரில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பான்.

ஊரார் வண்டிக்கெல்லாம் இப்படி வைத்தியம் பார்த்த மகானுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. தரையோடு தரையாக, இரண்டே இருக்கையோடு, கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய சிவப்பு டர்போ. ஓட்டும் இருக்கையில் அவர் இருப்பார். பக்கத்து இருக்கையில் லேப்டாப் இருக்கும். ஓட்டிக்கொண்டே எண்களைப் பார்த்துத் திருத்த வேண்டுமாம். திருப்பத்தில் நழுவிவிடக்கூடாதே என்று அதற்கு சீட் பெல்ட் வேறு. லேப்டாப்புக்கு சீட் பெல்ட், பெண்டாட்டிக்கு பஸ் பாஸ். கேளுங்கள் இந்தக் கூத்தை.

அந்த அம்மாளுக்குக் குடிநீர் வரி அலுவலகத்தில் வேலை. காரில் அவள் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று தடவை ஏறினாள். மூன்று தடவையும் வண்டி நின்றது. முதல் தடவை ரவுண்டானாவில், இரண்டாவது தடவை பாலத்து ஏற்றத்தில். மூன்றாவது தடவை கொட்டும் மழையில், அதுவும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே. அவள் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவள் இல்லாமல் அவர் தனியாக ஓட்டினால் வண்டி குதிரையாகப் பறக்கும். பெயின்டரை ஒருமுறை கூட்டிப்போனார். அவன் காலை நீட்டிப்போட்டுக் குறட்டை விட்டான், வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

அப்புறம் என்ன, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "என் வண்டிக்கு ஒரே ஒரு வியாதிதான்டா, அது என் வீட்டுக்காரி. அவ ராசி அப்படி" என்று கொட்டகையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் வீட்டுச் சாவி கொடுக்க வந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெரிய மனுஷன்!

அவள் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. துணி மடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, கடைசி நாள் அன்னைக்கு நான் பஸ்ல வரமாட்டேன்."

"சேச்சே, நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"நம்ம கார்லயா?"

"பின்ன?"

"சரி. ஆனா இந்த ஒரு தடவைதான். ஆபீஸே வாசல்ல நிக்கும். அங்க வெச்சு வண்டி நின்னுச்சு, ஜென்மத்துக்கும் அந்தக் கதவைத் தொடமாட்டேன். சொல்லிட்டேன்."

ஊர் மெச்சிய கை, கட்டிய மனைவி முன்னால் மட்டும் பல்லிளிக்கிறதே! பல்லெண்ணி சென்சாரை மாற்றினார். இடைவெளியைக் குறைத்தார், கூட்டினார். சக்கரத்தைக் கழற்றிப் பற்களைத் துணியால் துடைத்தார். தனியாக ஓட்டிப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல், "ஒரு ரவுண்டு வா, வெள்ளோட்டம் பாத்துடலாம்" என்று அவளையே கூப்பிட்டார்.

அவள் உட்கார வேண்டுமானால் லேப்டாப் எழுந்திருக்க வேண்டும். அதைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"மூலைல ஒரு நம்பர் இருக்கு பாரு. பல் எண்ணுறது எத்தனை தடவை தப்புச்சுன்னு காட்டும். இப்ப பூஜ்யம். ஏறினா சொல்லு."

கடைத்தெருவைத் தாண்டும்வரை பூஜ்யம்தான். அகலமான ரோடு வந்ததும் மனிதருக்குக் கால் அரித்தது. டர்போ விசிலடித்தது. முன்னால் போன ஒரு லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது.

"ஐயோ, பாத்து!" என்று அலறினாள் அவள். வண்டி இருமியது, திணறியது. "நாலு! இல்ல, ஒம்போது! ஏறிட்டே போகுதுங்க!" என்றாள்.

தட்டுத்தடுமாறி ஓரங்கட்டினார். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது போல. "பாத்தியா? நீ ஏறினாலே..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க." அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

செய்தார். அவள் வலது காலால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தாள். இன்ஜின் விக்கியது, எண் ஏறியது. காலை எடுத்தாள், இன்ஜின் சீராக ஓடியது. மறுபடியும் மிதித்தாள், மறுபடியும் விக்கல்.

"நான் மிதிச்சா தப்புதுங்க."

"நீ எதுக்கு மிதிக்கிற?"

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு மிதிக்காம? லாரி வந்தா நீங்க பிரேக் போடுறதுக்குள்ள நான் நாலு தடவை போட்டுடுவேன். எப்பவுமே அப்படித்தான்."

அவர் இறங்கி அவள் பக்கம் போய் விரிப்பைத் தூக்கினார். அடியில் இருந்தது அவரே போட்ட வயரிங். சென்சார் வயரும் காயில் வயரும் புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டிப் படுத்திருந்தன. வயருக்கு மேலே இருந்த உறை தேய்ந்து நைந்துபோயிருந்தது. 'இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்' என்று என்றைக்கோ விட்டு, விரிப்பைப் போட்டு மூடியது. லேப்டாப்புக்குக் கால் கிடையாது. அதனால் இத்தனை வருஷமாக அவளைத் தவிர அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை. எத்தனை பேரை இதற்காக நிற்க வைத்துத் திட்டியிருப்பார்! முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "உன்னை ராசி கீசின்னு பேசினதும் தப்பு. வயரைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடும்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க விளையாட்டா சொன்னீங்க. நான் ராசியில்லாதவதானோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றாள். ரோட்டோரம் என்றும் பார்க்காமல் அவர் அவள் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே புது வயர் போட்டு, ஒன்றை இந்த ஓரமும் மற்றதை அந்த ஓரமும் பிரித்துக் கட்டி, மார்தட்டிக்கொண்டு வந்தார். "இனி நீ ஏறி நின்னு குதிச்சாலும் வண்டி நிக்காது!"

"அப்போ நான் மிதிச்சா?"

"ஒண்ணும் ஆகாது!"

"அப்படின்னா நான் வரல."

"என்னது?"

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் என் பேச்சைக் கேக்குற வண்டின்னு தெரிஞ்சுது. அதையும் பிடுங்கிட்டீங்க. உங்களை நம்பி எப்படி உக்காருறது?"

மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெயின்டரிடம் போய்ப் புலம்பினார். "மிதிச்சா நிக்குதுன்னா கதவைத் தொடமாட்டேங்கிறா, நிக்காதுன்னா ஏறமாட்டேங்கிறா. நான் எங்கடா போவேன்?" பெயின்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது, உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்ஜினையே அடக்கி ஆளுகிற ஆளுக்கா வழி தெரியாது? கம்ப்யூட்டர் பெட்டியில் சும்மா கிடந்த ஓர் இணைப்பை எடுத்தார். உடைத்த பழைய கார் ஒன்றின் பிரேக் சுவிட்சைக் கழற்றி, பக்கத்து இருக்கையின் காலடியில் முறையாகப் பதித்தார். மிதித்தால் டர்போவின் கொட்டம் அடங்கும், வண்டி நடை வேகத்துக்கு மேல் போகாது, ஆனால் நிற்காது. அவள் ஏறி, மிதித்துப் பார்த்து, திரும்ப மிதித்துப் பார்த்து, "இது நியாயம்" என்றாள்.

கடைசி நாள் வந்தது. அலுவலக வாசலில் கூட்டம். வேடிக்கை பார்க்கப் பெயின்டரும் வந்திருந்தான். அவள் மாலையும் கையுமாக வந்து ஏறினாள். லேப்டாப் வீட்டில் இருந்தது. பல்லெண்ணி சாவியைத் திருப்பினார், இன்ஜின் உறுமியது. கம்பீரமாக இரண்டாவது கியருக்குப் போய் மிதித்தார். வண்டி நகரமாட்டேன் என்றது. ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரன் தாண்டிப் போனான்.

அவருக்கு வேர்த்துவிட்டது. போச்சு, மானம் கப்பலேறியது, எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கால் சுவிட்சின் மேல் அழுத்தமாக இருந்தது.

"ஏம்மா, மிதிச்சிருக்கியா? முன்னாடி ஒண்ணுமே வரலையே!"

"தெரியும். பில் கவுன்டர்காரி இன்னும் படி இறங்கல" என்றாள் அவள், சிரித்த முகத்தை வெளியிலிருந்து திருப்பாமலே. "அவளும் பாக்கட்டும், மெதுவாவே போங்க."

பல்லெண்ணி முதல் கியருக்கு மாற்றினார்.