சம்பந்தியைக் கேட்காமல் எடுத்த சிவப்பு

நிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எந்தத் தமிழ் வீட்டில் கல்யாணம் என்றாலும் கூறைச்சேலை எடுக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் மலைபோல விரித்துப் போட்டதில் எது பொம்பிளைக்கு எடுப்பாக இருக்கும் என்று எட்ட நின்றே சொல்லிவிடுவேன். "அன்ரி தொட்டாப் பிழையே வராது" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

தொண்ணூறுகளின் நடுவில், கிளேட்டன் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்த என் மகள் அங்கே பழகிய வெள்ளைக்காரப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சம்மதித்தேன். சம்மதித்த கையோடு நான் யோசித்தது மாப்பிள்ளை என்ன உடுப்பார் என்பதைத்தான். என் புத்தி அப்படி.

மாப்பிள்ளையின் தகப்பன் ஸ்கொட்லாந்தில் பிறந்து, இளவயதில் மெல்பேர்ன் வந்து, ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். முதன்முதல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, தன் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் கூறைச்சேலை கொண்டுவர வேண்டும், தாலி கட்டுமுன் பெண் அதை உடுத்த வேண்டும் என்று விளக்கினேன்.

"எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. உங்கள் முறைப்படி எது சரியோ அதையே என் சார்பில் எடுங்கள்" என்றார்.

எனக்கு மனம் இளகிவிட்டது. "அப்படியென்றால் வரவேற்பு விருந்துக்கு உங்கள் மகன் உடுப்பது எங்கள் பொறுப்பு. உங்கள் ஊர் கில்ட்டையே எடுத்துக் கொடுக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய தட்டில் இன்னும் இரண்டு இடியப்பத்தைப் போட்டுச் சொதியை ஊற்றினேன். மனிதர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

கில்ட் என்பது அவர்களின் ஆண்கள் இடுப்பில் சுற்றும் மடிப்பு வைத்த பாவாடை. அதன் கட்டம் போட்ட கம்பளித் துணிக்குப் பெயர் டார்ட்டன். அளவெடுக்க மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போனேன். ஒரு கில்ட்டுக்கு எட்டு யார், அதாவது எட்டுக் கெஜம் துணி வேண்டுமாம். அடி ஆத்தே, சேலையே ஆறு யார்தானே! சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் துணி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு ஆம்பிளைகள் பின்னேரம் கட்டிக்கொண்டு திரிகிற சாரத்திலும் இதே கட்டம்தான். சாரம் வாங்கும்போது யாராவது எந்தப் பரம்பரை என்று கேட்பார்களா? கண்ணுக்குப் பிடித்ததை எடுப்போம், முடிந்தது.

ஆனால் கடைக்காரப் பெண் முதலில் அதைத்தான் கேட்டாள். "குடும்பப் பெயர் என்ன?"

மாப்பிள்ளை ஒரு துணியைத் தொட்டுக் காட்டினார். "அப்பா குடும்பத்துக் கட்டம் இதுதான், அன்ரி."

கரும்பச்சை, கருநீலம், நடுவில் கறுப்பு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்யாண வீட்டில் கறுப்பா? பக்கத்திலேயே இன்னொன்று தொங்கியது. குங்குமச் சிவப்பு, அதில் மெல்லிய மஞ்சள் கோடு. மகளின் கூறைக்குப் பக்கத்தில் வைத்தால் அள்ளிக்கொண்டு போகும்.

"தம்பி, உமக்கு இது பிடிக்கேல்லையோ?"

"நல்ல நிறம்தான். உங்கள் விருப்பம், அன்ரி" என்றார். அவர் வளர்ந்த முறை அப்படி, பெரியவர்களிடம் மறுத்துப் பேச மாட்டார்.

அது வேறொரு குடும்பத்தின் கட்டம் என்றாள் கடைக்காரப் பெண். "யாரும் எதையும் உடுக்கலாம், சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் வழக்கமாகக் குடும்பத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்" என்றாள். எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது.

துணி வெட்டி, மடிப்புத் தைத்து வீட்டுக்கு வந்த அன்று மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவரின்ர அப்பாவைக் கேட்டனீங்களோ?"

"ஏன் கேக்க வேணும்? உடுக்கிறவனுக்குப் பிடிச்சாப் போதாதோ? எவ்வளவு வடிவா இருக்கு, பார்!"

"வடிவுதான். அப்ப உங்கட கூறையை நீங்களோ தெரிவு செய்தனீங்கள்? அந்தக் கத்தரிப்பூ நிறம் உங்களுக்குப் பிடிச்சதோ?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏனென்றால் அவள் சொன்னது முழு உண்மை. என் மாமியார் கொண்டுவந்த கூறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அறைக்குள் போய் அழுதேன். அழுதுவிட்டு உடுத்தினேன். எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. அந்த வீடு என்னைச் சேர்த்துக்கொண்டது என்பதற்கு அந்தச் சேலைதான் சாட்சி. இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு தகப்பனின் குடும்பத் துணியைப் பார்த்து முகம் சுளித்தேன்.

அப்போதும் நேரம் இருந்தது. கரும்பச்சை கில்ட்டை அதே கடையில் வாடகைக்கு எடுத்திருக்கலாம். போனை எடுத்துச் சம்பந்தியை அழைத்தேன். அவர் குரல் கேட்டதும் என் வாய், கல்யாணக் கேக்குக்கு முட்டை போடலாமா என்று கேட்டது. போடலாம் என்றார். வைத்துவிட்டேன். எல்லாம் கௌரவம், வேறென்ன!

வரவேற்பு அன்று அவர் தன் கரும்பச்சை கில்ட்டில் வந்தார். தன் தகப்பன் காலத்துத் துணியாம், ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. மண்டப வாசலில் சிவப்பில் நின்ற மகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிட்டப் போய், மகனின் கில்ட்டு ஓரத்தில் குத்தும் ஊசி சரிந்திருந்ததை நேராக்கிவிட்டார். என்னிடம் திரும்பி, "நல்ல கண் உங்களுக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஏச்சு வாங்கியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

தகப்பனையும் மகனையும் சேர்த்து எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் சிவப்பைத்தான் புகழ்வார்கள். பக்கத்தில் நிற்கிற பெரியவர் யார், மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஆளா என்று கேட்டவர்களும் உண்டு. ஒருநாள் என் கணவரிடம் படத்தைக் கழற்றச் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? நல்ல படமெல்லோ" என்றார். அவருக்கு அது விளங்காது.

பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. சம்பந்தி மார்படைத்துச் செத்துப்போனார். அவருடைய கில்ட்டை அவருக்கே உடுத்திப் பெட்டியில் வைத்தார்கள். ஸ்கொட்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த தம்பி மக்கள், மருமக்கள் எல்லோரும் அதே கரும்பச்சையில் வந்து இறங்கினார்கள். என் மருமகன் மட்டும் கறுப்புக் கோட்டும் காற்சட்டையுமாக நின்றார். நான் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, கடையில் வாடகைக்கு எடுத்திருக்கலாமே?"

"அப்பா உயிரோடு இருந்தபோது ஒருநாளும் நான் அதை உடுக்கவில்லை, அன்ரி. இன்றைக்கு வாடகைக்கு எடுத்து உடுத்தால் அது நடிப்பு" என்றார். குரலில் கோபமே இல்லை. "என்னிடம் இருப்பது உங்கள் சிவப்பு ஒன்றுதான். அதை இங்கே உடுக்க முடியாது."

என் மடமைக்கு மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டுக் குழியடிக்குப் போனார். தகப்பனைப் புதைக்கிற நேரத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல வைத்தேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

பெட்டியை இறக்கும்போது சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு கயிறு பிடிப்பது அவர்கள் வழக்கம்; தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய சொந்தத்துக்கு. ஐந்தாறு கரும்பச்சைக் கில்ட்டுகள், தலைமாட்டில் ஒரு கறுப்புக் கோட்டு. என் பக்கத்தில் செத்தவரோடு ட்ராம் ஓட்டிய வயதான மனிதர் ஒருவர் நின்றார். அவர் என் காதருகில் குனிந்து, "குடும்பத்து ஆட்கள் இத்தனை பேர் இருக்கும்போது தலைமாட்டுக் கயிற்றை ஏன் அடக்கம் செய்யும் கம்பனி ஆளிடம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"அவர்தான் மகன்" என்றேன்.