நாவல் கிளையும் நடமாடும் வீடுகளும்

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் இடம் விடுவது என் தொழில். அவர்கள் எடுத்துவர மறந்ததையெல்லாம் தேடிக் கொடுப்பது அதில் முக்கால் பங்கு. லாட்ஜ் நடத்துகிறவர்கள், கல்யாண மண்டபம் விடுகிறவர்கள், மாடியில் குடி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் என் கஷ்டம் தெரியும். உங்களிடம் சொல்லலாம்.

குத்தாலத்துக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், மூங்கிலும் தேக்கும் மருதமும் சிறு காடாக மண்டிய படுகையில் எங்கள் இடம். ஆறு கேரவன்கள் நிற்கலாம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் தொடங்கியது. “முப்பது வருஷம் கடைசிப் பெட்டியிலேயே ஓடிட்டேன். இனிமே வண்டி எங்கிட்ட வந்து நிக்கட்டும்” என்றார்.

உள்ளே வர ஒரே பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அடுத்தவர் வயல். பாதைக்குக் குறுக்கே, கை நீட்டி மறிப்பதுபோல ஒரு நாவல் கிளை. லெவல் கிராஸிங் உயரக் கம்பியில் தொங்குவதுபோல அதில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, தன் கையாலேயே எழுதினார்: ‘வண்டி பத்தடிக்கு மேல் என்றால் இறங்கி வந்து என்னிடம் பேசவும்.’

அவர் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன புரட்டாசியில் அந்தக் கிளையை வெட்டியே ஆகவேண்டும் என்று வந்தது. வெட்டாவிட்டால் இடத்தை மூடிவிட்டுப் புனேயில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வாரம் முழுக்க எனக்குப் பழைய சனிக்கிழமைகளாகவே நினைவு வந்தது.

நடிகர் வரவில்லை

கேரவன் என்றால் சினிமாக்காரர்களுடையது என்றுதான் அப்போது ஊருக்குத் தெரியும். முதல் வண்டி வந்த அன்று பாதி ஊர் வாய்க்கால் கரையில் நின்றது. பால்காரம்மா கறவையைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. லுங்கி கட்டிய ஒரு பெரியவர் இறங்கி, பின்னால் திரும்பிக் கை கொடுத்தார். முழங்காலுக்கு உறை போட்ட அவர் மனைவி ஒவ்வொரு படியாக இறங்கினாள். இறங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து கொட்டாவி விட்டார்கள். பால்காரம்மா செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இம்மாம் பெரிய வண்டி, ஒரு வில்லனாவது வந்திருக்கக் கூடாதா?”

வடக்கே தலை

வண்டியின் பின் கண்ணாடி ஆற்றைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது என் கணவரின் ஏற்பாடு. படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்படியே நிறுத்தி, புகைப்படமெல்லாம் எடுத்து முடித்தது. படுக்கை விரிக்கும்போதுதான் மாமியாருக்குச் சூரியன் எந்தப் பக்கம் இறங்கியது என்று நினைவு வந்தது. ஆறு வடக்கே. தலையணையும் வடக்கே. “கால் பக்கம் தலையை வெச்சுக்கோங்க அத்தை” என்றாள் மருமகள். அங்கே ஏசி காற்று நேராக மூஞ்சியில் அடிக்குமாம்.

கடைசியில் வண்டியைத் திருப்பினார்கள். என் கணவர் முன்னால் நடந்து, பழைய வழக்கத்தில் பச்சைத் துண்டை ஆட்டினார். ஆற்றைப் பார்க்க ஆயிரம் யோசனை செய்து போட்ட கண்ணாடி இப்போது எங்கள் குளியலறைச் சுவரைப் பார்த்து நின்றது. எனக்கே பாவமாக இருந்தது. மாமியார் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: “ஆத்த நாளைக்குப் பாத்துக்கலாம். மொதல்ல நாளைக்கு எந்திரிக்கணும்ல?”

எத்தனை மணிக்கு வரும்

கோடையில் காவிரி வெறும் மணல்தான். தண்ணீர் போன வழி மட்டும் வரிவரியாகக் கிடக்கும். அதைச் சொல்லித்தான் பதிவு செய்வோம். காதில் வாங்குகிறவர்கள் குறைவு. ஒரு வைகாசியில் சென்னையிலிருந்து வந்தவர், எங்கள் இடத்தின் படத்தைப் போனில் திறந்து என் கணவர் முகத்துக்கு நேராக நீட்டினார். “இதுல தண்ணி இருக்கே சார்?” எடுத்த மாதம் ஐப்பசி என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரின் ஏழு வயது மகளுக்கு மட்டும் கோபம் இல்லை. இவர் சட்டையை இழுத்து, “தாத்தா, ஆறு எத்தனை மணிக்கு வரும்?” என்றாள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். “மேட்டூர்ல இன்னும் சிக்னல் விழலம்மா. லேட்டாத்தான் ஓடுது” என்றார். அவள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாள்: “பரவால்ல தாத்தா. எங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.”

வெளியே போயிருக்கிறார்

அவர் போன மூன்றாம் மாதம். மதுரை வண்டி ஒன்று கிளைக்கு முன்னால் நின்றது. ஐம்பது வயது டிரைவர் இறங்கி, பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். “என்னிடம்னு போட்டிருக்கே, அவர் எங்கம்மா?”

கல்லூரியில் படித்தவள், நாலு பேருக்கு இரங்கல் எழுதிக் கொடுத்தவள், எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. “வெளியே போயிருக்கார்” என்றேன். அந்த வண்டி ஒன்பதரை அடிதான், தாராளமாகப் போகும். போங்கள் என்றேன். அவர் போகவில்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டார். காபி கொண்டுபோய்க் கொடுத்து மறுபடி சொன்னேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “வரட்டும்மா. எழுத்தப் பாத்தாலே அளந்து பேசுற ஆளுன்னு தெரியுது. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், எடுத்துடறேன்.”

பதினொன்றேகால்

எனக்கு வரும் விருந்தாளிகளில் பெரும்பாலோர் ஒரே வாடகை கம்பெனியின் வண்டியில் வருகிறவர்கள். புரட்டாசி முதல் வாரம் அதன் மேனேஜர் வந்தார். மரியாதையான பையன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். புது வண்டிகள் பதினொன்றேகால் அடியாம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவைதான் ஓடுமாம். பாதை சரியாக இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

பலகையைக் காட்டினேன். அவர் அதைப் படிக்காமல் கிளையைப் போனில் படம் பிடித்தார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். ஆறுதலாகச் சொன்னார்: “ஒரே ஒரு கிளைதானே மேடம். மரம் அப்படியேதான் இருக்கப் போகுது.”

ஒரு முழம்

வெள்ளிக்கிழமை மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக வந்தார். பலகையை அவிழ்த்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவாட்களின் தலைவி வேம்பு, முழங்கால் வரை சேறோடு தண்ணீர் கேட்டு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள்.

“எவ்வளவும்மா இடிக்கிது?”

“கிளை பத்தரை அடியில் இருக்கு, முக்கால் அடி இடிக்கும். ஒரு முழம் இருந்தால் தாராளம்.”

வேம்பு சிரித்துவிட்டாள். “ஒரு முழத்துக்கா ஆகாசத்துல ஏறுறீங்க? தண்ணி ஏறலன்னா நாம மேட்டத்தானே வெட்டுவோம்? கீழ வெட்டுங்கம்மா.”

நானும் என் கணவரும் இத்தனை வருடமும் அண்ணாந்தே அளந்திருக்கிறோம். வயலுக்கு நடுவே இருந்துகொண்டு ஒரு நாள்கூட நாங்கள் மண்ணைப் பார்க்கவில்லை. நடவு முடிந்ததும் நாலு பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கிளைக்கு நேர் கீழே பாதையை இரண்டு வண்டி நீளத்துக்குச் சரிவாக இறக்கி, செங்கல் ஜல்லி போட்டுக் குத்தினார்கள். ரம்பக்காரரும் சும்மா நிற்க முடியாமல் ஒரு மண்வெட்டி எடுத்தார். “மரம் வெட்ட வந்தவன மண்ணு வெட்ட வெச்சுட்டியே” என்று முனகினார். வேம்பு நிமிராமல் சொன்னாள்: “மண்ணு வெட்டினா திரும்ப நெறஞ்சுக்கும்யா. கிளை வந்து ஒட்டிக்குமா?”

சனிக்கிழமை

ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் வெட்டிய பள்ளத்தின் அடி முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நாவல் கிளை அதில் தலைகீழாகக் கிடந்தது. பலகையைப் பழைய இடத்திலேயே கட்டியிருந்தேன். பத்தடியை மாற்றி எழுதவில்லை.

மதியம் புது வண்டி வந்து நின்றது. டிரைவர் இளவயசு. பலகையைப் படித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். “இதுல இறக்கலாமான்னு யாருகிட்டம்மா கேக்கணும்?”

வெளியே போயிருக்கிறார் என்றுதான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அது வாயில் வரவில்லை.

“எங்கிட்டதான் தம்பி. கணுக்கால்தான் ஆழம். மெதுவா வாங்க.”

அவருடைய பச்சைத் துண்டை எடுத்து ஆட்டினேன். வண்டி இறங்கியது, பலகை கூரையை லேசாகத் தடவி விலகியது, வண்டி ஏறியது. நான் மூச்சு விடுவதற்குள் பின்கதவு திறந்து மூன்று பிள்ளைகள் குதித்து, திரும்ப ஓடி, பள்ளத்தில் விழுந்தார்கள். அம்மாக்காரி, “அங்க காவேரியே நொப்பும் நுரையுமா ஓடுதுடா, வாங்கடா” என்று கத்தினாள். பெரியவன் சேற்றிலிருந்து பதில் கத்தினான்: “நீங்க போய்ப் பாருங்கம்மா, எங்களுக்கு இது போதும்!”

காவிரியைக் காட்டுகிறேன் என்று எட்டு வருடமாக ஊரை அழைத்து, கடைசியில் வாசல் குட்டையால் பேர் வாங்கியவள் நான்.